நாட்களும் ஆட்களும்: கிளிமாஞ்சாரோ ஏறுவதன் கணக்கு

கிளிமாஞ்சாரோ மலையின் மச்சாமே வாயிலில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். மலையேற வந்தவர்கள் ஒரு பக்கம் பதிவேட்டில் பெயர், வயது, நாடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் தராசுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். கூடாரம், சமையல் பாத்திரம், கேஸ் சிலிண்டர், காய்கறி மூட்டை, மடக்கு நாற்காலி, வந்தவர்களின் பெரிய பைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடை பார்ப்பார்கள். ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது தேசியப் பூங்காவின் விதி. தாண்டினால் மூட்டையைப் பிரித்து வேறொருவருக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நடை தொடங்கும்.

நான்கு பேர் ஏழு நாள் பயணம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களோடு தலைமை வழிகாட்டி ஒருவர், துணை வழிகாட்டி ஒருவரோ இருவரோ, சமையல்காரர், போர்ட்டர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் போவார்கள். ஒரு ஆளை உச்சிக்குக் கூட்டிப்போக மூன்று நான்கு பேர் உழைக்கிறார்கள். ‘கிளிமாஞ்சாரோ ஏறினேன்’ என்று யாராவது சொன்னால், அந்தத் தன்மை ஒருமைக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உயரத்தைச் சொல்கிறார்கள். 5,895 மீட்டர், ஆப்பிரிக்காவின் உச்சி. அது சரிதான். ஆனால் ஒருவர் பத்திரமாக ஏறி இறங்குவதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு எண்கள்: எத்தனை நாள், எத்தனை ஆள். பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இந்த இரண்டில்தான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றியது.

கிளிமாஞ்சாரோ தான்சானியாவின் வடகிழக்கில், கென்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலைத்தொடர் எதையும் சேராமல் சமவெளியிலிருந்து தனியாக எழும்பி நிற்கும் மலை. ஷீரா, மாவென்சி, கீபோ என்ற மூன்று எரிமலைகள் சேர்ந்து உருவானது. ஷீரா எப்போதோ இடிந்து அமர்ந்து பரந்த மேடாகிவிட்டது. மாவென்சி 5,149 மீட்டர். உடைந்த பற்கள் போன்ற பாறைகள், கயிறு இல்லாமல் ஏற முடியாது. மூன்றில் உயரமானது கீபோ. அதன் வாய் விளிம்பில் இருக்கும் ஊஹுரு முனைதான் எல்லோரும் போக நினைக்கும் இடம். கீபோ முழுக்க அணைந்துவிடவில்லை, அதன் வாய்க்குள் இன்றும் சில துளைகளிலிருந்து கந்தக வாடையோடு ஆவி வருகிறது.

கீபோ ஏறக் கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும். ஆண்டுக்கு ஏறக்குறைய 50,000 பேர் இங்கே வருவதற்கு இதுதான் காரணம். பலர் இந்த மலையைக் குறைத்து எடைபோடுவதற்கும் இதுவே காரணம். பாதையில் கஷ்டம் குறைவு என்பது உண்மை. கஷ்டம் காற்றில் இருக்கிறது.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் உச்சியிலும் ஒன்றுதான், சுமார் 21 சதவீதம். மாறுவது காற்றழுத்தம். உச்சியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. அதே அளவு மூச்சை இழுத்தாலும் நுரையீரலுக்குள் வரும் ஆக்சிஜன் பாதிதான். உடம்பு உடனே வேகமாக, ஆழமாக மூச்சுவிடத் தொடங்குகிறது. அப்படி மூச்சுவிட்டால் கார்பன்-டை-ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடும். அது கூடினால் மூளை மூச்சைக் குறைக்கச் சொல்லும். ஆக்சிஜன் வேண்டுமென்று ஒரு பக்கம் இழுக்க, போதும் என்று இன்னொரு பக்கம் பிடித்து நிறுத்துகிறது. இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. அப்புறம்தான் தடையில்லாமல் வேகமாக மூச்சுவிட முடியும். மலையில் இரவில் இரண்டு மூன்று முறை தூக்கம் கலைந்து கூடாரத்துக்கு வெளியே போக வேண்டியிருந்தால் அலுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

சிறுநீரகத்தின் இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். ரத்தச் சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஒரு வாரப் பயணத்தில் அதை நம்ப முடியாது. ஆக, கிளிமாஞ்சாரோவில் ஒருவருக்குக் கைகொடுப்பது அவர் மலையில் கழித்த நாட்கள்தான். உடற்பயிற்சியால் இந்த நாட்களை ஈடுகட்ட முடியாது. மராத்தான் ஓடுபவருக்கும் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் வரும். சொல்லப்போனால், கால் பலம் இருப்பவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில சமயம் அவர்களே முதலில் படுத்துவிடுகிறார்கள். வழிகாட்டிகள் நாள் முழுக்க ‘போலே போலே’ என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். சுவாஹிலியில் ‘மெதுவாக, மெதுவாக’ என்று பொருள். முன்னால் போகும் வழிகாட்டி ஒரு அடி வைத்து, கொஞ்சம் நின்று, அடுத்த அடி வைப்பார். இந்த வேகத்தில் நடக்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று முதல் நாள் சலித்துக்கொள்பவர்களுக்கு நான்காம் நாள் விஷயம் புரிந்துவிடும்.

தலைவலியோடு நின்றால் பரவாயில்லை. உயரத்துக்குப் பழகாத உடம்பை இன்னும் மேலே தள்ளினால் மூளையில் நீர் கோத்து வீக்கம் வரலாம். அப்போது பேச்சு குழறும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். நுரையீரலில் நீர் கோத்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமலில் நுரை வரும். இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான். குழுக்கள் கொண்டுபோகும் ஆக்சிஜன் சிலிண்டர் பாதிக்கப்பட்டவரை இறக்கும் வரை தாக்குப்பிடிக்க வைப்பதற்காக. அதை மாட்டிக்கொண்டு மேலே ஏறுவதற்கு அல்ல.

மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுத்துத் தூங்கும் உயரம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஒரு இரவு தங்க வேண்டும். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பாதைகளைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

மராங்கு பாதை மிகப் பழையது. கூடாரத்துக்குப் பதில் குடில்களில் தங்கலாம் என்பதால் ‘சுலபமான பாதை’ என்ற பெயரும் அதற்கு உண்டு. முதல் இரவு மந்தாரா குடில், 2,720 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியைவிட இதுவே கொஞ்சம் உயரம். இரண்டாம் இரவு ஹொரோம்போ, 3,720. மூன்றாம் இரவு கீபோ குடில், சுமார் 4,700. அங்கே சில மணி நேரம் படுத்துவிட்டு நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். இரவுக்கு 1,000 மீட்டர் வீதம் உயர்வு, விதி சொல்வதில் இரண்டு மடங்கு. ஐந்து நாள் மராங்கு பயணத்தில் பலர் உச்சியைத் தொடாமல் திரும்புவதற்கு அவர்களின் மன உறுதியைக் குறைசொல்வது நியாயமே இல்லை. ஹொரோம்போவில் கூடுதலாக ஒரு இரவு தங்கி, அந்தப் பகலில் மாவென்சிப் பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டு இறங்கினால் ஆறு நாள் ஆகும். அந்த ஒரு நாள் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

மச்சாமே பாதையின் அமைப்பு வேறு. முதல் இரவு சுமார் 2,850 மீட்டரில், காட்டின் மேல் எல்லையில். இரண்டாம் இரவு ஷீரா, 3,840 மீட்டர். இங்கேயும் 1,000 மீட்டர் தாவல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கடுத்து வருவதுதான் இந்தப் பாதையின் பலம். மூன்றாம் நாள் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா கோபுரம் என்ற எரிமலைப் பாறைவரை ஏறி, மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துவிட்டு, மீண்டும் 3,960 மீட்டருக்கு பர்ராங்கோ முகாமுக்கு இறங்கிவிடுவார்கள். நான்காம் நாள் காலை பர்ராங்கோ சுவர் என்னும் பாறைச் சரிவில் கையூன்றி ஏறி, பள்ளங்களைக் கடந்து, கராங்கா முகாமுக்குப் போய்ச் சேரும்போது உயரம் சுமார் 4,000 மீட்டர்தான். ஆக, இரண்டு முழு நாள் பாடுபட்டு நடந்தும் தூங்கும் உயரம் 160 மீட்டர் மட்டுமே கூடியிருக்கிறது. கஷ்டப்பட்டு ஏறியதையெல்லாம் இறங்கித் தொலைத்துவிட்டோமே என்று நடப்பவர்கள் புலம்புவதுண்டு. உயரத்தைப் பகலில் உடம்புக்குக் காட்டிவிட்டு இரவில் தாழ்வான இடத்தில் ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு இது. இந்த மலையில் யோசித்துச் செய்த காரியங்களில் இதுதான் சிறந்தது என்பேன்.

மேற்கிலிருந்து வரும் லெமோஷோ பாதையில் எட்டு நாள் எடுத்துக்கொண்டால் ஏற்றம் இன்னும் நிதானமாகும். வடக்கே கென்யப் பக்கத்திலிருந்து ஏறும் ரொங்காய் பாதை ஓரளவு வறண்டது, மழைக் காலத்தில் அதை விரும்புவார்கள். உம்ப்வே செங்குத்தானது. உயரத்துக்குப் பழக நேரமே தராது. முதல் முறை போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

பாதையோரக் காட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனம் கேட்காது. அடிவாரத்தில் சாக்கா மக்களின் வாழைத் தோட்டங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும். அந்த மக்கள் தலைமுறைகளாக மலையோடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்கு நீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு மேலே மழைக்காடு: பாசி தொங்கும் மரங்கள், கருப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள். காடு முடிந்ததும் எரிக்காப் புதர்கள். சுமார் 3,500 மீட்டருக்கு மேல் ஆளைவிட உயரமான செனேசியோ மரங்கள் நிற்கும். தடித்த தண்டின் நுனியில் பெரிய முட்டைக்கோஸ் வைத்ததுபோல் இலைக்கொத்து. வாடிய இலைகள் உதிராமல் தண்டைச் சுற்றிப் போர்வையாக நின்று குளிரைத் தடுக்கும். பக்கத்தில் வளரும் பெரிய லொபேலியா இரவானால் இலைகளை மூடி நடுக்குருத்தைக் காப்பாற்றும், விடிந்ததும் விரியும். பகலில் வெயில், இரவில் உறைபனி என்று ஒவ்வொரு நாளும் பருவம் மாறும் இடத்தில் வாழ இவை கண்டுபிடித்த வழி அது. அதற்கும் மேலே கல்லும் சாம்பலும்தான்.

மச்சாமே பாதைக்குத் திரும்பினால், ஐந்தாம் நாள் மாலை பராஃபு முகாம், சுமார் 4,650 மீட்டர். பராஃபு என்றால் சுவாஹிலியில் பனிக்கட்டி. பெயர் அப்படி இருந்தாலும் முகாமில் தண்ணீர் கிடையாது. வழியில் கடைசி ஓடை கராங்கா பள்ளத்தில் ஓடுகிறது. பராஃபுவில் சமைக்கவும் குடிக்கவும் தேவையான தண்ணீர் முழுவதையும் போர்ட்டர்கள் அங்கிருந்து சுமந்து வர வேண்டும். 4,650 மீட்டரில் ஒருவர் கையில் வாங்கும் சுடு தேநீர் இன்னொருவர் தலையில் அத்தனை தூரம் ஏறி வந்தது. இதைத் தெரிந்துகொண்டு குடித்தால் மிச்சத்தைக் கீழே ஊற்ற மனம் வராது.

அன்றிரவு சீக்கிரமே படுக்கச் சொல்லி, பதினொன்றரைக்கு எழுப்பிவிடுவார்கள். நள்ளிரவில் கிளம்ப மூன்று காரணங்கள் உண்டு. சரளைக் கற்கள் நிறைந்த சரிவு இரவுக் குளிரில் உறைந்து கெட்டியாக இருக்கும், வெயில் ஏறினால் கால் வழுக்கும். காலையில் தெளிவாக இருக்கும் உச்சியை மதியத்துக்குள் மேகம் மூடிவிடுவது வழக்கம். எல்லாவற்றையும்விட முக்கியம், அதே நாளில் இறங்க வேண்டிய தூரம். பராஃபுவிலிருந்து ஏறுவது ஏறக்குறைய 1,250 மீட்டர். உச்சியிலிருந்து ம்வேக்கா முகாமுக்கு இறங்குவது 2,800 மீட்டர். இரண்டும் ஒரே நாளில்.

தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10, சில இரவுகளில் 20 டிகிரிவரை போகும். தண்ணீர் பாட்டிலின் வாய்ப்பக்கம் முதலில் உறையும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஐந்து ஆறு மணி நேரம் இப்படியே நடந்தால் விளிம்பில் ஸ்டெல்லா முனை, சுமார் 5,750 மீட்டர். கிழக்கே மாவென்சிக்குப் பின்னால் வானம் சிவக்கும் நேரம் அது. அங்கிருந்து விளிம்பிலேயே முக்கால் மணி, ஒரு மணி நேரம் நடந்தால் ஊஹுருவின் பெயர்ப் பலகை.

இந்த இரவில்தான் வழிகாட்டியின் உண்மையான வேலை தெரியும். கிளிமாஞ்சாரோவில் வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. பாதை தெளிவாகத்தானே இருக்கிறது, எதற்கு வழிகாட்டி என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வழி காட்டுவதைவிட ஆளைப் பார்ப்பதே அதிகம். சாப்பாட்டுத் தட்டில் எவ்வளவு மிச்சம் இருந்தது, காலையில் முகம் வீங்கியிருந்ததா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு என்ன காட்டியது என்று முதல் நாளிலிருந்தே கவனித்துவருவார். உச்சி இரவில் நடுநடுவே பேச்சுக்கொடுப்பார். பதில் தாமதமாக வருகிறதா, சம்பந்தமில்லாமல் வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான். சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்வார். தள்ளாடினால் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்று பொருள், உடனே இறங்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவருக்குத் தான் பாதிக்கப்பட்டிருப்பது தெரியாது. ‘எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம்தானே’ என்று அடம்பிடிப்பார். அந்த நேரத்தில் தெளிவாக முடிவெடுக்க இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். துணை வழிகாட்டிகள் அவசியம் என்பதும் இதற்காகத்தான். நான்கு பேரில் ஒருவர் திரும்பினால் அவரோடு ஒரு வழிகாட்டி இறங்கிவிடுவார், மற்றவர்கள் தொடரலாம். ஒரே ஒரு வழிகாட்டியோடு போகும் குழுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் எல்லோரும் திரும்ப வேண்டும், அல்லது அவர் தனியாக விடப்பட வேண்டும். இரண்டாவது நடக்கவே கூடாது.

பெரும்பாலான வழிகாட்டிகள் போர்ட்டராகத் தொடங்கியவர்கள். சில ஆண்டுகள் சுமை தூக்கி, சமையலில் உதவி, ஆங்கிலம் கற்று, பயிற்சியும் உரிமமும் பெற்று மேலே வந்தவர்கள். மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அசிட்டசோலமைடு என்ற மாத்திரை, பல குழுக்களில் சொல்லும் பெயரில் டயாமாக்ஸ், சிறுநீரகத்தின் அந்தப் பைகார்பனேட் வேலையை வேகப்படுத்துகிறது. விரல்கள் மரமரப்பது அதன் வழக்கமான பக்கவிளைவு. போகும் முன்பே மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் மாத்திரை, நாட்களுக்குத் துணையே தவிர மாற்று இல்லை.

இந்த மலையில் ஆட்களின் கதை 1889-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 6 அன்று ஹான்ஸ் மேயர் என்ற ஜெர்மானியரும் லுட்விக் புர்ட்ஷெல்லர் என்ற ஆஸ்திரிய மலையேறியும் உச்சியைத் தொட்டார்கள். பதிவான முதல் ஏற்றம் அது. மேயருக்கு அது முதல் முயற்சி அல்ல. 1887-ல் கீபோவின் பனிக்கு முன்னால் கருவியில்லாமல் திரும்பினார். 1888-ல் மலையை நெருங்கும் முன்பே, ஜெர்மானிய ஆட்சியை எதிர்த்த அபுஷிரியின் படையிடம் பிடிபட்டு, மீட்புப் பணம் கொடுத்து விடுபட்டார். மூன்றாம் முறை அவர் மாற்றிக்கொண்டது சாப்பாட்டு ஏற்பாட்டை. மேலே ஒரு முகாமை நிறுவி, கீழே மராங்குவிலிருந்து ஆட்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உணவு கொண்டுவரும்படி செய்தார். அதனால் ஒரு தடவை தோற்றாலும் ஊருக்கு இறங்காமல் மலையிலேயே தங்கி மறுபடி முயல முடிந்தது. நாட்களும் ஆட்களும் கைவசம் இருந்ததால் கிடைத்த வெற்றி அது. வரலாற்றில் இரண்டு பெயர்கள் நின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன. மராங்குவைச் சேர்ந்த யோஹானி கின்யாலா லாவோ அந்தப் பயணத்தில் வழிகாட்டியாகப் போனவர் என்று 1989-ல் நூறாம் ஆண்டின்போது கொண்டாடப்பட்டார். உச்சிவரை போனாரா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. அந்த விவாதம் எழும் அளவுக்குத்தான் அவர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன என்பதே வருத்தமாக இருக்கிறது.

மேயர் அந்த முனைக்குத் தன் பேரரசரின் பெயரை வைத்தார். 1961 டிசம்பர் 9 அன்று தாங்கானிக்கா, அதாவது இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி, விடுதலை பெற்றபோது, ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் நியிரெண்டா தலைமையில் அங்கே விடுதலைச் சுடர் ஏற்றப்பட்டது. அதன் பிறகு அது ஊஹுரு முனை. ஊஹுரு என்றால் விடுதலை.

இப்போது பணத்துக்கு வருவோம். வெளிநாட்டவர் பூங்காவுக்குச் செலுத்த வேண்டியது சமீப ஆண்டுகளின் விகிதப்படி ஒரு நாளுக்கு 70 டாலர், கூடாரமடிக்க ஒரு இரவுக்கு 50 டாலர், மராங்கு பாதையில் குடிலுக்கு இரவுக்கு 60 டாலர், மீட்புக்கு ஒருமுறை 20 டாலர், எல்லாவற்றின் மேலும் 18 சதவீத வரி. ஏழு நாள் மச்சாமே பயணத்துக்கு இதைக் கூட்டினால் ஒருவருக்கு ஏறக்குறைய 955 டாலர். ஐந்து நாள் மராங்குவுக்கு 720. வித்தியாசம் 235 டாலர், இந்திய ரூபாயில் சுமார் 20,000. குறுகிய பயணங்கள் ஏன் விற்கின்றன என்பதற்கு இதுதான் விடை. விமான டிக்கெட், விசா, உடை, வாடகைச் சாமான் என்று லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, உச்சியைத் தொடும் வாய்ப்பை அதிகம் கூட்டக்கூடிய இரண்டு நாட்களை இந்தத் தொகைக்காக விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே ஏழு நாள் பயணத்தை ஒரு கம்பெனி 1,200 டாலருக்குத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவின் பணம் போக மிஞ்சுவது 245. ஒரு விருந்தினருக்கு மூன்றரை ஆள் என்று போட்டால், ஏழு நாளில் இருபத்துநான்கரை ஆள்-நாள். சாப்பாடு, கேஸ், வண்டி, கூடாரத் தேய்மானம், கம்பெனியின் லாபம் எல்லாமே இலவசம் என்று வைத்தால்கூட ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு 10 டாலர்தான் தேறும். உண்மையில் அவை எதுவும் இலவசம் இல்லை. பூங்காக் கட்டணத்தில் யாரும் பேரம் பேச முடியாது. அப்படியானால் விலையைக் குறைக்க ஒரே இடம்தான் மிச்சம்: போர்ட்டரின் கூலி, அவர் தட்டில் விழும் ஊகாலி என்ற மக்காச்சோளக் களி, அவர் படுக்கும் கூடாரம். கூலியைக் குறைத்துவிட்டு ‘டிப்ஸில் பார்த்துக்கொள்’ என்று அனுப்புவது இந்தத் தொழிலில் நெடுநாள் நோய். குளிருக்குப் போதிய உடையில்லாமல் இந்த மலையில் இறந்த போர்ட்டர்கள் உண்டு. அவர்கள் இறந்தது மற்றவர்களின் ஸ்லீப்பிங் பேக்கையும் சாப்பாட்டு மேசையையும் சுமந்துகொண்டு போன வழியில்.

இதை மாற்ற 2003-ல் தொடங்கியது கிளிமாஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்ற அமைப்பு. மோஷி நகரில் அதன் அலுவலகம் இருக்கிறது. போர்ட்டர்களுக்குக் கனத்த ஜாக்கெட், காலணி, கையுறை ஆகியவற்றை இலவசமாக இரவல் கொடுக்கிறார்கள். தங்களோடு சேர்ந்த கம்பெனிகளின் பயணங்களில் கூலி சரியாகப் போகிறதா, மூன்று வேளை சாப்பாடு கிடைக்கிறதா, சுமை எவ்வளவு என்பதைக் கூடவே போகும் போர்ட்டர்கள் மூலம் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன் அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. அதோடு நேரடியாகவும் கேட்கலாம்: எங்கள் குழுவுக்கு எத்தனை போர்ட்டர், ஒருவருக்கு ஒரு நாள் கூலி என்ன, எந்தத் தேதியில் கொடுப்பீர்கள், அவர்கள் எங்கே தூங்குவார்கள், எத்தனை துணை வழிகாட்டி வருவார்கள். நல்ல கம்பெனி உடனே பதில் எழுதும்.

உச்சியின் பனியைப் பற்றியும் கேட்பார்கள். 1848 மே மாதம் யோஹன்னஸ் ரெப்மான் என்ற பாதிரியார் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை உச்சியொன்றைக் கண்டு எழுதியபோது லண்டனில் சில அறிஞர்கள் நம்ப மறுத்தார்கள். அவரோடு வந்த உள்ளூர் வழிகாட்டியோ அதைக் ‘குளிர்’ என்று ஒரே சொல்லில் சொல்லியிருந்தார். 1912-ல் 11 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த பனி 2011-ல் 1.76 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. உச்சியில் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேயே இருப்பதால், பனி உருகி ஓடுவதோடு, வறண்ட காற்றிலும் கடும் வெயிலிலும் நேராகவே ஆவியாகப் போகிறது. மழையும் மேகமும் குறைந்து காற்று வறண்டதற்கு இதில் பெரும் பங்கு. 2050-க்குள் எல்லாம் போய்விடும் என்று யுனெஸ்கோ 2022-ல் எச்சரித்தது. அடிவார மக்களின் தண்ணீர் பனியைவிடக் காட்டைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. மேகத்தைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குவது அந்தக் காடு. 2020 அக்டோபரில் மலையில் பரவிய தீயைப் பற்றி மோஷியில் இருப்பவர்கள் அவ்வளவு கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது.

2019-ல் கேபிள் கார் அமைக்கும் யோசனையை அரசு வெளியிட்டபோது போர்ட்டர்களும் வழிகாட்டிகளும் எதிர்த்தார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம் அதில் இருந்தது, அது நியாயமான பயம். கொஞ்ச நேரத்திலேயே 3,700 மீட்டருக்குத் தூக்கிப்போனால் உடம்புக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது.

கடைசி நாள் ம்வேக்கா வாயிலில் மீண்டும் பதிவேட்டில் கையெழுத்து. உச்சியைத் தொட்டவர்களுக்குச் சான்றிதழ். அதற்கு முன்போ பின்போ டிப்ஸ் கொடுக்கும் நேரம் வரும், குழு முழுக்கப் பாட்டுப் பாடிக் கைதட்டும். அப்போது மொத்தப் பணத்தையும் ஒரே கவரில் தலைமை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு வண்டியேறிவிட வேண்டாம். தலைமை வழிகாட்டிக்கு இவ்வளவு, சமையல்காரருக்கு இவ்வளவு, போர்ட்டர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று முன்னிரவே எழுதி வைத்து, எல்லோரும் கேட்கச் சத்தமாக வாசித்துவிட்டு, முடிந்தால் அவரவர் கையில் கொடுங்கள். அழைத்துவந்ததில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை முதல் நாளே எண்ணி வைத்திருந்தால் இது சுலபம். திரும்பும்போது கையுறையும் கனத்த ஜாக்கெட்டும் இனி உங்களுக்குத் தேவைப்படாது என்றால் மோஷியில் அந்தப் போர்ட்டர்கள் உதவித் திட்ட அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். அடுத்த வாரமே அது வேறொருவர் உடம்பில் பராஃபுவுக்கு ஏறும்.